கழுத்தைப் பற்றி ஒரு வரி

டோலிடோ, ஒஹாயோ
பிப்ரவரி 9, 1987

க்ளோவிஸ்,

மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் நீதான் எடுத்தாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு.

போன செவ்வாய்க்கிழமை மேனேஜர் டவ் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். கோச்சும் இருந்தார். உன் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. மறுபடி எடுப்பதா, விடுவதா என்று இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கோச்சுக்கு நீ வேண்டும். போன ஃபுட்பால் சீசனில் பதினாறு ஆட்டத்தில் நீ ஆடியது பத்து, அந்தப் பத்தில் ஏழு ஜெயித்தோம். நீ கட்டுப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறில் ஐந்து தோற்றோம். இது கோச் சொன்னது. அதையே டவ் திருப்பிப் படித்தார். "பதினாறுல ஆறு நாள் வேலைக்கு வராதவனை மறுபடி எதுக்குக் கூப்பிடணும்? அடுத்த வருஷம் எட்டு நாள் வரமாட்டான். இருபத்தொன்பது வயசாச்சு. பந்தை வாங்கிட்டு ஓடுறவனுக்கு அது அறுபது."

கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "காஸ், தினமும் அவனுக்குக் கட்டுப் போடறது நீங்கதான். ஒரு முழு சீசன் தாங்குவானா? எழுதிக் கொடுங்க" என்றார் டவ். மார்ச் பதினைந்து வரை கெடு.

முட்டி இரண்டு தடவை, காறை எலும்பு, கணுக்கால், விரல், இன்னும் மற்றதெல்லாம் கோப்பில் இருக்கிறது. அதில் மறைக்க ஒன்றும் இல்லை. கோப்பில் இல்லாதது உன் கழுத்து.

டிசம்பர் ஏழாம் தேதி ஆட்டம் முடிந்து என் மேஜையில் வந்து உட்கார்ந்தாய். இடது கையால் ஷூ கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. "கை எங்கியோ போயிடுச்சு காஸ்" என்று சிரித்தாய். பத்து நிமிஷம் கழித்து உணர்வு வந்தது. "எழுதாதீங்க" என்றாய். நான் எழுதவில்லை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை வந்தது. கடைசி ஆட்டத்தில் நீ பந்தை ஒரு தடவைகூட இடது பக்கம் மாற்றவில்லை. கூட்டத்துக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

நீயே டவ்வுக்குச் சொல்லிவிடு. இல்லையென்றால் நான் சொல்லலாம் என்று எழுது. உன்னைக் கேட்காமல் அதைச் செய்யும்படி என்னை விட்டுவிடாதே.

காஸ் பியாலெக்


ஓப்பலூசஸ், லூசியானா
பிப்ரவரி 17

காஸ்,

கிழிக்கல. படிச்சேன். ரெண்டாவது தடவை படிச்சப்ப கோவம் ஜாஸ்தியாச்சு.

டிசம்பர்ல என் கை மரத்துப் போனப்ப உங்களுக்கு வாய் மரத்துப் போச்சு. அப்ப இன்னும் ரெண்டு ஆட்டம் பாக்கி, ஜெயிக்கணும். இப்ப ஆட்டம் இல்ல. லீவுல போன மனசாட்சி திரும்பி வந்து டியூட்டில சேந்துடுச்சு. நல்லா இருக்கு.

இங்க என் நிலமை என்னன்னு தெரியுமா? மாமனாரோட மாட்டுத் தீவனக் கடையில ஒத்தாசையா நிக்கறேன். ஒரு மூட்டை வாங்க வர்றவன் அரை மணி நேரம் நிக்கறான். "என்ன க்ளோவிஸ், மறுபடி எடுக்கறாங்களா இல்லையா?" பாதிரியார்கூட பூசை முடிச்சு வாசல்ல கைகுடுத்துக்கிட்டே கேட்டார். மாமனார் மட்டும் ஒண்ணும் கேக்கறதில்ல. அது இன்னும் மோசம்.

முட்டிக்கு எட்டு மாசம்னீங்க, நான் ஆறுல வந்தேன். காறை எலும்பு ஒடஞ்சு அஞ்சாவது வாரம் களத்துல நின்னேன். ஒவ்வொரு தடவையும் என்னை ஒட்ட வெச்சு, முதுகுல தட்டி, "போடா"ன்னு அனுப்புனது யாரு? அனுப்பினவரே இப்ப போகாதேங்கறார்.

பத்து நிமிஷம் மரத்துப் போச்சு, அவ்வளவுதான். கால் மேல கால் போட்டு உக்காந்தா காலும்தான் மரத்துப் போகுது. அதுக்கு யாராவது அறிக்கை எழுதறாங்களா?

எனக்கு ஏழு வயசுலருந்து தெரிஞ்ச வேலை ஒண்ணுதான். எதிர்ல பதினோரு பேரு நிப்பாங்க, பந்தை வயித்தோட அணைச்சுக்கிட்டு நடுவுல புகுந்து ஓடணும். வேற எதாவது தெரியுமான்னு யாரும் என்னைக் கேட்டதில்ல. நானும் என்னைக் கேட்டுக்கிட்டதில்ல.

கழுத்தைப் பத்தி எழுதாதீங்க. வீட்டுல வெர்லின் உங்களை விசாரிச்சா. அவளுக்குக் கை விஷயம் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

க்ளோவிஸ்


டோலிடோ
பிப்ரவரி 26

க்ளோவிஸ்,

வாய் மரத்துப்போனது என்று நீ எழுதியது சரி. அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

ஒன்று உனக்குத் தெரியாது. டிசம்பர் பன்னிரண்டாம் தேதி நான் கோச்சின் அறை வாசல்வரை போனேன், சொல்லிவிடலாம் என்று. அவர் இருட்டில் உட்கார்ந்து பழைய ஆட்டத்தின் படச்சுருளை ஓட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "க்ளோவிஸ் ரெடியா?" என்று கேட்டார். "ரெடி" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டு நடைபாதையில் திரும்பி வந்தபோது எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. பழகிவிட்டது. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பேருக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

நான் களைத்துவிட்டேன். பிளாஸ்திரியைக் கையால் கிழிக்கக் கட்டைவிரலில் வலு இல்லை, கத்தரிக்கோல் தேவைப்படுகிறது. பையன்கள் கேலி செய்கிறார்கள்.

கால் மரத்துப்போவதும் இதுவும் ஒன்றல்ல, அது உனக்கே தெரியும். ஒரு காரியம் செய். கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் மட்டும் சட்டையின் பொத்தான்களைப் போடு. எத்தனை நேரம் ஆகிறது என்று எனக்கு எழுது. உண்மையான நேரம்.

பதினைந்தாம் தேதி டவ்விடம் தாள் போகவேண்டும். அதுவரை காத்திருக்கிறேன்.

காஸ்


ஓப்பலூசஸ்
மார்ச் 6

காஸ்,

பொத்தான் போட்டேன். நல்லா இருக்கு.

"ஆள் தயார்"னு எழுதுங்க. ரெண்டே வார்த்தை. உங்களுக்கு ஸ்பெல்லிங் தப்பு வராத வார்த்தைங்க.

காலேஜ்லருந்து ஒரு பையனைப் பாத்து வெச்சிருக்காங்களாம், என் இடத்துக்கு. அயோவாக்காரன். பேப்பர்ல அவன் படம் போட்டிருந்தாங்க. தொடை ரெண்டும் மரம் மாதிரி. மாமனார் அந்தப் பக்கத்தை மடிச்சு உள்ள வெச்சுட்டார், நான் பாக்கக் கூடாதுன்னு.

ஒரு வருஷம் காஸ். ஒரே ஒரு வருஷம். நானும் களைச்சுதான் போயிருக்கேன். ஆனா ஓடுறப்ப அது தெரியறதில்ல, நின்னாதான் தெரியுது.

க்ளோவிஸ்


டோலிடோ
மார்ச் 14

க்ளோவிஸ்,

எத்தனை நேரம் என்று கேட்டேன். நல்லா இருக்கு என்று எழுதினாய். அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

எழுதிவிட்டேன். கழுத்தைப் பற்றி ஒரு வரி. மூன்று தேதிகளும் கையின் நிலையும். நேற்றுக் காலை நானே டவ்விடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி நீ என்னோடு பேசாவிட்டாலும் நடந்ததை நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அறையில் டவ், கோச், டீம் டாக்டர். டவ் படித்தார். தாளை டாக்டரிடம் தள்ளினார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இதெல்லாம் இவனுங்களுக்கு வர்றதுதான்" என்றார் டாக்டர். "ஒண்ணும் ஆகாமலே போகலாம்."

"ஆனா?" என்றார் டவ்.

"ஆனா, ஆகலாம்."

டவ் தாளைத் திரும்ப வாங்கி மடித்தார். இதோடு முடிந்தது, உன்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நீ என்னைச் சபிப்பாய், ஆனால் முழுசாக இருந்து சபிப்பாய் என்று நினைத்தேன்.

"சரி, அப்ப ஒரு வருஷம்" என்றார் டவ். "கழுத்துக்கு என்ன ஆனாலும் கிளப் பொறுப்பில்லைன்னு தனியா ஒரு தாள்ல கையெழுத்து போடட்டும். வக்கீல்கிட்ட சொல்லிடறேன்."

எனக்குப் புரியவில்லை. "போன மாசம் நீங்கதானே வேண்டாம்னீங்க?" என்றேன்.

"போன மாசம் அவன் எப்ப விழுவான்னு தெரியாம இருந்துச்சு. இப்ப விழுந்தா யார் தலையில விடியும்னு தெரியுதில்ல" என்றார். "சீசன் டிக்கெட் விளம்பரத்துல அவன் படம்தான் இருக்கு. அச்சடிச்சாச்சு."

கோச், "பாதி சீசன் குடுத்தாக்கூடப் போதும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உனக்கே தெரியும்.

வாயைத் திறந்தால் கதவு மூடும் என்று நினைத்தேன். இன்னும் அகலமாகத் திறந்துவிட்டது. உன்னைக் காட்டிக் கொடுத்தேன், அதனால் உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நீ கேட்டது உனக்குக் கிடைத்துவிட்டது. தாள்கள் பத்து நாளில் வரும்.

நீ ஜூலையில் முகாமுக்கு வந்தால் வேறு ஆள் உனக்குக் கட்டுப் போடட்டும். நான் போடமாட்டேன்.

காஸ்


ஓப்பலூசஸ்
மார்ச் 29

காஸ்,

உங்க கடுதாசி வந்தன்னிக்கு சந்தோஷமா இருந்தேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன். என்னைக் கேக்காம எழுதிட்டீங்களேன்னு கோவம் ஒரு பக்கம். ஆனா எடுத்துக்கிட்டாங்கங்கறதுதான் முன்னால வந்து நின்னுச்சு. மாமனார்கிட்டச் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து கைகுடுத்தார்.

தாளுங்க புதன்கிழமை வந்துச்சு. நான் கடையில இருந்தேன். பெரிய உறை, டீம் முத்திரை போட்டது. வெர்லின் நல்ல சேதிதானேன்னு பிரிச்சிருக்கா.

சாயங்காலம் நான் உள்ள வர்றப்ப அடுப்படி மேஜையில உக்காந்திருந்தா. எதிர்ல நாலு தாள். கழுத்துக்கு ஒரு தாள்னுதானே நீங்க எழுதியிருந்தீங்க? வக்கீல் அதோட விடல. என் பழைய காயம் எல்லாத்தையும் தேதி போட்டு வரிசையா எழுதி, "இவை அனைத்தும் எனக்குத் தெரிந்தே நேர்ந்தவை"ன்னு நான் கையெழுத்து போடணுமாம். மொத்தம் பதினொண்ணு. உங்க கோப்புலருந்து எடுத்ததுதான், உங்க வார்த்தையெல்லாம் அப்படியே இருந்துச்சு.

"உக்காரு" அப்படின்னா. உக்காந்தேன்.

"இதுல எனக்கு ஆறுதான் தெரியும்" அப்படின்னா.

பென்சிலால அந்த ஆறுக்கும் டிக் போட்டு வெச்சிருந்தா. மீதி அஞ்சை ஒவ்வொண்ணா கேட்டா. சத்தம் போடல. கடையில சாமான் லிஸ்ட் படிக்கற மாதிரி கேட்டா. "எண்பத்தி ரெண்டு நவம்பர், தலையில அடி. அன்னிக்கு நம்ம கல்யாண நாள்னு வெளிய சாப்பிடப் போனோம். நீ ரெண்டு தடவை ஒரே கதையைச் சொன்ன. குடிச்சிருக்கேன்னு நெனச்சேன்." ஆமான்னேன். "எண்பத்தி மூணு, தொடை நரம்பு." ஆமான்னேன்.

அப்புறம் எண்பத்தி நாலு அக்டோபர்கிட்ட வந்து நின்னா.

"விலா எலும்பு ரெண்டு. பதினாலாம் தேதி."

ஒடெட் பொறந்தது பதினஞ்சாம் தேதி காஸ். ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல ஒடஞ்சுது, திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்க கட்டுன கட்டு சட்டைக்குள்ள இருந்துச்சு. அவளுக்குப் பிரசவ வலி, அவகிட்ட விலா எலும்புன்னு சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு சொல்லல. நர்ஸ் குழந்தையை நீட்டுனப்ப வேண்டாம்னு தலையாட்டிட்டேன். மூச்சு விட்டாலே வலிச்சுது. கீழ போட்டுடுவேன்னு பயம்.

வெர்லின் சொன்னா, "பொண்ணாப் பொறந்துடுச்சுன்னு உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன்."

நான் அந்த விலா எலும்பு வரியையே திரும்பப் படிச்சேன்.

"ரெண்டரை வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன். நீ அவளைக் கொஞ்சறப்பல்லாம், பாவம், கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டான்னு நெனப்பேன். அதுக்காக உன்னை மன்னிச்சும்கூட விட்டேன். செய்யாத தப்புக்கு."

அழுதிருந்தா நல்லா இருந்திருக்கும். அழல. கடைசி வரியைக் காட்டி, "இது?"ன்னு கேட்டா. கழுத்து. டிசம்பர்லருந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். உங்க பொத்தான் விஷயத்தையும் சொன்னேன். ஏழு பொத்தான் காஸ். மூணு போட்டதும் விட்டுட்டேன். எந்தப் பொத்தான் கையில இருக்குன்னே தெரியல.

அவ தாளையெல்லாம் அடுக்கி உறைக்குள்ள வெச்சா. "போடறதுன்னா போடு. நான் தடுக்கப் போறதில்ல, அது உன் கழுத்து. ஆனா இனிமே நீ எதையாவது சொல்லாம விட்டா, நான் என்னன்னு நெனச்சுக்குவேனோ எனக்கே தெரியாது" அப்படின்னுட்டு ஒடெட்டைக் குளிப்பாட்டப் போயிட்டா.

இன்னும் கையெழுத்து போடல. ஏப்ரல் முப்பது வரை நேரம் குடுத்திருக்காங்க. உங்க மேல கோவமா இருக்கணும்னு தினமும் காலைல நெனக்கறேன். மத்தியானம் வரைக்கும் தாங்க மாட்டேங்குது.

க்ளோவிஸ்


டோலிடோ
ஏப்ரல் 5

க்ளோவிஸ்,

அந்த அக்டோபரில் உன் விலாவுக்குக் கட்டுப் போட்டவன் நான். இருபது பவுண்டுக்கு மேல் தூக்காதே என்று சொல்லி அனுப்பினேன். ஒடெட் ஏழு பவுண்டு இருந்திருப்பாள். நாற்காலியில் உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் வாங்கியிருக்கலாம். நீ என்னிடம் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. வெர்லினுக்குக் குழந்தை பிறக்கும் வாரம் என்று எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நீ ரெடியா என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கையெழுத்துப் போடு என்றோ போடாதே என்றோ இனி நான் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும். லஃபயெட்டில் ஒரு நரம்பு டாக்டர் இருக்கிறாராம், பெண் டாக்டர். என் தங்கை மகன் அங்கே மருந்துக் கம்பெனியில் இருக்கிறான், அவன் சொன்னான். அவருக்கு நம் டீமோடு எந்தத் தொடர்பும் இல்லை, ஆட்டம் பார்க்கும் பழக்கமும் இல்லையாம். போய்க் காட்டு. எனக்காக இல்லை, டவ்வுக்காகவும் இல்லை.

முகவரி பின்பக்கம்.

காஸ்


ஓப்பலூசஸ்
ஏப்ரல் 24

காஸ்,

போனோம். வெர்லினும் வந்தா. ஒடெட்டை மாமியார்கிட்ட விட்டுட்டுப் போனோம்.

அந்த டாக்டரம்மாவுக்கு நெசமாவே நான் யாருன்னு தெரியல. பேரைத் தப்பா எழுதிக்கிட்டாங்க. குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள்ள படுக்க வெச்சுப் படம் எடுத்தாங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டு வெளிச்சத்துல மாட்டிக் காட்டினாங்க. முதுகெலும்புக்குள்ள நரம்பு போற வழி எனக்குப் பொறப்புலயே குறுகலாம். அடிபட்டு அடிபட்டு ஒரு இடத்துல இன்னும் ஒடுங்கிப் போயிருக்கு.

"என்ன வேலை பாக்கறீங்க?"ன்னு கேட்டாங்க.

வெர்லின் என்னைப் பாத்தா, நான் என்ன சொல்லப் போறேன்னு. நான் வேலையைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க.

"ஒரு ஆட்டத்துல எத்தனை தடவை மோதுவீங்க?"

"பந்து என் கையில இருக்கறப்ப இருபது, இருபத்தஞ்சு. இல்லாதப்ப அதுக்கு மேல."

"இந்தக் கழுத்தோட போன வருஷம் எத்தனை ஆட்டம் ஆடினீங்க?"

"கை மரத்துப் போனப்புறமா? ரெண்டு" அப்படின்னேன்.

 அவங்க படத்துகிட்டப் போய் அந்த ஒடுங்கின இடத்தை மறுபடி பாத்தாங்க. அப்புறம், "மரம் வெட்டலாம், வண்டி ஓட்டலாம், டான்ஸ் ஆடலாம், இது மட்டும் கூடாது" அப்படின்னாங்க. "ஒரு வருஷம் மட்டும்னா?"ன்னு கேட்டேன். கேட்ட எனக்கே அசிங்கமா இருந்துச்சு. அவங்க என்னைத் திட்டல, வெர்லினும் திட்டல. ரெண்டு பேரும் நான் முடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தாங்க.

நேத்து டவ்வுக்குப் போன் பண்ணேன். என்ன சொல்றதுன்னு ரெண்டு நாளா வெர்லின்கிட்ட ஒப்பிச்சுப் பாத்தேன். அவர், "யோசிச்சுப் பாரு, ஊர் உன்னை நம்பி இருக்கு"ன்னு சொல்வார், அதுக்கு ஒரு பதில். "ரசிகர்கள்லாம்"னு ஆரம்பிப்பார், அதுக்கு ஒரு பதில். தாள்ல குறிச்சுக்கூட வெச்சிருந்தேன்.

"சார், நான் கையெழுத்து போடல" அப்படின்னேன்.

"அப்படியா. சரிப்பா. வருத்தமா இருக்கு. நல்லா இரு" அப்படின்னார். வெச்சுட்டார்.

வெர்லின் பக்கத்துல நின்னா. "என்ன சொன்னார்?"

"நல்லா இருன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஒரு நிமிஷம் ஆயிருக்காது காஸ். ஏழு வருஷம் ஆடினதுக்கு. அவர் குரல்ல ஒரு நிம்மதிகூட இருந்துச்சோன்னு தோணுது, அயோவாப் பையனை எடுத்துக்கலாம்னு. நான் குறிச்சு வெச்ச பதிலுங்கள்லாம் கையிலயே இருக்கு. யார்கிட்டச் சொல்றது? மாமனார்கிட்டச் சொன்னேன், ஒண்ணு விடாம. கடையில ஆள் இல்லாத நேரம். அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, தீவன லாரி மத்தியானம் வருது, ரசீதைப் பாத்து வாங்கி வைன்னார்.

உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா காலைல எழுந்தா எதுக்கு எழுந்தோம்னு கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருக்கு. இது எத்தனை மாசத்துல சரியாகும்? முட்டிக்குச் சொன்ன மாதிரி ஒரு கணக்கு சொல்லுங்க.

டிசம்பர்ல நீங்க சொல்லாம விட்டது தப்பு. மார்ச்ல என்னைக் கேக்காம சொன்னதும் தப்பு. ரெண்டுல எதை முதல்ல மன்னிக்கறதுன்னு தெரியல. எழுதி எழுதிக் கை வலிக்குது. ஒரு தடவை இங்க வாங்க, நேர்லயே சண்டை போட்டுக்கலாம்.

க்ளோவிஸ்


டோலிடோ
மே 3

க்ளோவிஸ்,

உன் கேள்விக்கு என்னிடம் கணக்கு இல்லை. எலும்புக்குத்தான் எனக்குக் கணக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை நானும் டவ்வைப் பார்த்தேன். ஜூலையில் முகாம் தொடங்குவதற்குள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். என்னை உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். அதனால் உன்னைவிட எனக்கு நான்கு நிமிஷம் கூடுதல். காரணம் என்னிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "ரெடி" என்ற அந்த ஒரு வார்த்தையை இனி என்னால் சொல்ல முடியாது என்று சொல்லியிருப்பேன். என் மேஜையைத் துடைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரி, "நாளையிலேர்ந்து நாள் பூரா வீட்லயா இருக்கப்போறீங்க?" என்று கேட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு கவலையை நான் பார்த்ததில்லை.

பத்தொன்பதாம் தேதி பஸ்ஸில் கிளம்புகிறேன். இருபத்தொன்றாம் தேதி காலை லஃபயெட்டில் இறங்குவேன். அங்கே வந்து கூட்டிப் போ. வெர்லினிடம் சொல், எனக்காக எதுவும் விசேஷமாகச் சமைக்கவேண்டாம். அவளிடம் நான் நேரில் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது, அந்த அக்டோபரைப் பற்றி. அதை நீ இருக்கும்போதுதான் சொல்வேன்.

சண்டை போட நான் தயார். அது முடிந்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஏழு வருஷமாக நாம் உன் உடம்பைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறோம். வேறு என்ன பேசுவது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வருகிறேன். நீயும் யோசித்து வை.

காஸ்